வசந்தம் என்ற சொல்லும் ஆறுமணிக் குருவியும்

சென்ற நோன்பு விடுமுறையில், அண்மைய வருடங்களில் நமது பிரதேசத்திலிருந்து வெளிவந்த கவிதைத் தொகுதிகள் சிலவற்றை ஒருசேர வாசிக்கும் சந்தர்ப்பம் கிடைத்தது. நூல்களின் பெயர்களையோ கவிஞர்களின் பெயர்களையோ இங்கு நான் குறிப்பிடப் போவதில்லை. எழுதியவர்களிற் பலர் எனக்கு நன்கு தெரிந்தவர்கள். ஒரே ஸஃப்பில் நின்று தொழுகின்றவர்களும் அவர்களுள் உளர். தவிரவும், நான் சொல்லவரும் குறை எவருக்கும் தனியுடைமையானதன்று. எனக்கும் அதில் பங்குண்டு. அதனைப் பின்னர் சொல்கிறேன்.

‘வசந்தம்’ என்ற சொல் வந்த இடங்களையெல்லாம் பென்சிலால் கோடிட்டுக்கொண்டே வாசித்தேன். காதலி வந்தால் வசந்தம். யுத்தம் முடிந்தால் வசந்தம். ரபீஉல் அவ்வல் பிறை கண்டால் வசந்தம். சரி, அந்த வசந்தத்தில் என்ன பூத்தது, எந்தப் பறவை கத்தியது என்று தேடிப் பார்த்தால் எல்லாத் தொகுதிகளிலும் ஒரே பட்டியல்தான் கிடைக்கின்றது: ரோஜா, மல்லிகை, குயில், தென்றல், வண்ணத்துப்பூச்சி. ரோஜா எங்கள் ஊரில், நுவரெலியாவுக்குச் சுற்றுலா போனவர்கள் பொலித்தீன் பையில் கொண்டுவந்து, முற்றத்தில் வைத்து, கச்சான் தொடங்கியதும் பட்டுப்போகிற செடி. தென்றலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். எங்கள் பக்கத்து விவசாயியும் மீனவரும் வாடை என்பார்கள், கச்சான் என்பார்கள். தென்றல் என்று அவர்கள் வாயால் நான் கேட்டதில்லை.

இந்த வசந்தம் எங்கிருந்து நமக்கு வந்தது என்பது யோசிக்க வேண்டிய விடயம். வேர்ட்ஸ்வேர்த்தின் டஃபோடில் பூக்களை அந்தப் பூவைக் காணாமலே மனனம் செய்த தலைமுறைகள் நம்மிடையே உண்டு. உமர் கையாமைக் கவிமணியின் தமிழில் வாசித்து மயங்கியவர்களும் உண்டு. நானும் ஆசிரியர் கலாசாலை நாட்களில் மயங்கியவன்தான். ஆனால் கையாமின் நிஷாப்பூரில் மாரி என்றால் உறைபனி. மார்ச் 21ஐ ஒட்டி நவ்ரோஸ் வரும்போது பனி உருகிக் கிளையில் துளிர் வெடிப்பதை அந்த ஊரார் கண்ணால் காண்கின்றார்கள். இங்கிலாந்திலும் அவ்வாறே. இலையுதிர்ந்து மாதக்கணக்கில் செத்ததுபோல் நின்ற மரம் உயிர் பெறுவதைக் கண்டவனுக்கு வசந்தம் என்ற சொல் ஓர் அனுபவம். கடல்மட்டத்திலிருந்து சில அடி உயரத்தில், வருடம் முழுவதும் வியர்த்துக்கொண்டிருக்கும் நமக்கு அது என்ன?

ரபீஉல் அவ்வல் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ‘முதல் வசந்தம்’ என்பதுதான் அப்பெயரின் பொருள். நபி பிறந்த மாதத்தை வசந்தம் என்று பாடுவதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை, அது உவமை. ஆயினும் உவமையை விட்டிறங்கி, ‘அன்று எங்கள் ஊர்ச் சோலையெங்கும் பூ’ என்று எழுதும்போதுதான் சிக்கல் வருகின்றது. பிறைக்கணக்கின் வருடம் சூரியக்கணக்கை விடச் சுமார் 11 நாட்கள் குறைவு. எனவே அந்த மாதம் எல்லாப் பருவங்களிலும் நடந்து திரிந்து ஏறத்தாழ 33 வருடங்களில்தான் புறப்பட்ட இடத்துக்கு வருகின்றது. 2008இல் அது மார்ச்சில் வந்தது. 2024இல் செப்டெம்பரில் வந்தது. செப்டெம்பரில் எங்கள் பகுதியில் குளங்கள் வற்றி, புல்லெல்லாம் கருகி, மாடுகள் மர நிழலில் மூச்சுவாங்கிக்கொண்டு நிற்கும்.

இந்த இடத்தில் யாராவது உமறுப்புலவரை எடுத்து என் முன்னால் வைக்கக்கூடும். 17ஆம் நூற்றாண்டுப் புலவரான அவர் சீறாப்புராணத்தில் அரபு நாட்டை வருணிக்கும்போது ஆறும் வயலும் வாளையும் கரும்புமாகத் தமிழ் மருதத்தையே அங்கு கொண்டுபோய் வைத்துவிட்டார். பாலைவனத்தில் ஏது நெல்வயல் என்று கேட்டவர்களும் இருக்கின்றார்கள். காப்பிய மரபு அப்படி என்று பதில் சொல்லி விட்டுவிடுவது வழக்கம். எனக்கு அதில் வேறொன்று தோன்றுகின்றது. உமறு தான் காணாத மக்காவுக்குத் தனக்கு நன்கு தெரிந்த வயலைக் கொடுத்தார். நமது கவிஞர்களோ தாம் நாளாந்தம் காணக்கூடிய வயலுக்குத் தாம் ஒருபோதும் காணாத வசந்தத்தைக் கொடுக்கின்றனர். உமறுவின் மீன் துள்ளுகின்றது. நம்மவர்களின் ரோஜா அசையவில்லை.

அப்படியானால் மாசி, பங்குனி, சித்திரையில் இங்கு என்னதான் நடக்கின்றது?

முதலில், பச்சை வருவது அப்போதல்ல. எங்கள் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகை மழையோடுதான் மண் பச்சையாகின்றது. கார்த்திகைப்பூ வேலியில் தீப்பிடித்தாற்போல் ஏறுவதும் அந்நாட்களில்தான். துளிர்ப்பதை வசந்தம் என்று கொண்டால் நமது வசந்தம் அடைமழையோடு வருகின்ற ஒன்று. மாசியில் மழை ஓய்ந்து பெரும்போக வெட்டுத் தொடங்கும். வெட்டு முடிந்த வட்டையில் இறங்கி நடந்து பாருங்கள். வரம்போரத்தில் பொடுதலை, அதன் பூ சட்டைப் பொத்தானை விடவும் சிறியது. தும்பை. மேட்டில் நெருஞ்சி, செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும் முள்ளுக்குச் சொந்தக்காரி, மஞ்சட் பூவோடு. கடற்கரைப் பக்கம் போனால் அடம்பன் கொடி ஊதாப் பூக்களோடு மணலைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். இவற்றில் அடம்பனை மட்டும் பழமொழி காப்பாற்றி வைத்திருக்கின்றது. மற்றவற்றை நான் கோடிட்ட தொகுதிகளில் ஒன்றிலேனும் காணவில்லை.

பிறகு மரங்கள். எல்லாம் காய்ந்துகொண்டு வரும்போதுதான் இங்கு மரங்கள் பூக்கின்றன. வேம்பு பூத்து முற்றமெல்லாம் பொரி தூவியதுபோல் கிடக்கும். முள்முருக்கு இலையைக் கொட்டிவிட்டுச் சிவப்பாய் நிற்கும். சித்திரை கடந்தால் கொன்றை மஞ்சளாகத் தொங்கும். கடலைநோக்கிய வளவுகளில் மரமுந்திரிகை பழுத்து அந்தப் புளித்த வாசம் வரும். அதன்பின் காட்டிலிருந்து பாலைப்பழம் வரும். உதடு ஒட்டிக்கொள்ளத் தின்போம்.

வண்ணத்துப்பூச்சி நமது கவிதைகளில் ஏராளம். ஆனால் ஒன்றாவது எங்கோ போய்க்கொண்டிருப்பதாகக் காணோம். எல்லாமே பூவில் குந்திக்கொண்டிருக்கின்றன. பங்குனியில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு வெளியே வந்து நில்லுங்கள். வெளிறிய மஞ்சள் நிறத்தில் நூற்றுக்கணக்கில், பூவையும் நம்மையும் பொருட்படுத்தாமல், மதிலைச் சுற்றாமல் மேலால் ஏறி ஒரே திசையில் போய்க்கொண்டிருக்கும். ‘பாவா ஆதம் மலைக்கு ஸியாரத்துக்குப் போகுதுகள், அடிக்காதீங்க’ என்பா எங்கள் மூத்தம்மா. சிங்கள மக்களும் அம்மலையைச் ‘சமனல கந்த’ என்கிறார்கள்; சமனலயா என்றால் வண்ணத்துப்பூச்சி. இந்த மஞ்சள் பூச்சிகளின் மயிர்க்கொட்டிகள் கொன்றை இனத்து இலைகளைத் தின்று வளர்பவை. கொன்றையை வெட்டிவிட்டு வசந்தத்துக்கு வண்ணத்துப்பூச்சியை அழைத்தால் அது எங்கிருந்து வரும்?

குயிலுக்கு வருவோம். சித்திரை வருடப் பிறப்பை ஒட்டிக் குயில் கூவுவதென்னவோ உண்மைதான். கூவுவது கறுத்த ஆண். பழுப்பில் புள்ளி விழுந்த பெண்ணோ ‘கிக் கிக்’ என்று கத்திக்கொண்டு காகத்தின் கூட்டை நோட்டம் பார்த்துத் திரியும். பாரதியின் குயிற்பாட்டில் பாடுவது பெண். அது கனவு என்று அவரே சொல்லித் தப்பிவிட்டார். நம்மவர்கள் கனவு என்றும் சொல்வதில்லை.

ஆனால் இவற்றையெல்லாம் விட முக்கியமானது ஒன்றுண்டு. ஐரோப்பாவின் வசந்தம் பறவைகள் வந்து சேர்கின்ற காலம். அதே மாதங்கள் இங்கே பறவைகள் புறப்படுகின்ற காலம். களப்பில் மாரி முழுவதும் சேற்றைக் கிண்டிய உள்ளான் கூட்டம் சித்திரைக்குள் பெரும்பாலும் போய்விடும். வட்டையோரத்து மின்கம்பியில் வரிசையாக இருக்கும் தகைவிலான் குருவிகள் ஒரு நாள் இராது. ஒரு தொகுதியில், ‘வசந்தம் வந்ததும் சிறகுகள் எம்மூருக்குத் திரும்பின’ என்ற கருத்தில் ஒரு கவிதை வருகின்றது. நல்ல சந்தமுள்ள கவிதை. கவிஞரின் வீட்டுக்குப் பின்னாலேயே களப்பு. அந்த மாதத்தில் அவர் பின்கதவைத் திறந்து பார்த்திருந்தால் அந்த வரியை எழுதியிருக்க மாட்டார். ஒருவேளை அதைவிட நல்ல வரி ஒன்றை எழுதியிருப்பார்.

இதில் வியப்பு என்னவென்றால் நமது பழைய இலக்கியம் இதை அறிந்திருக்கின்றது. தொல்காப்பியம் வேனிலைப் பாலைத் திணைக்கு உரிய காலமாக வைத்தது. பாலையின் உரிப்பொருள் பிரிவு. இளவேனில் வந்துவிட்டது, குயிலும் கூவிவிட்டது, போனவர் வரவில்லை என்று தலைவி கலங்குவதுதான் சங்கப் பாடல்களின் இளவேனில். தமிழில் எழுதுகின்ற நமக்கு இப்படியொரு பருவம் கையிலிருக்க, பூக்கள் சிரிக்கும் காலண்டர்ப் படத்தை ஏன் வாங்கி மாட்டினோம்?

இனி என் பங்கைச் சொல்ல வேண்டும்.

மூன்று வருடங்களுக்கு முன்னர் மாணவர் கவிதைப் போட்டியொன்றில் நடுவர் மூவரில் ஒருவனாக இருந்தேன். தலைப்பு, வேறென்ன, ‘வசந்தம்’. வைகாசி மாதம். விடைத்தாள்களில் பெயர் இராது, இலக்கம் மட்டுமே. அவற்றுள் ஒன்றில் ரோஜாவும் இல்லை தென்றலும் இல்லை. ஆறுமணிக் குருவி இன்றைக்குக் கத்தவில்லை, அதனால் தம்பிக்கு வீட்டுக்கு வர நேரம் தெரியவில்லை, மஃரிபு பாங்கு சொல்லி முடிந்தபின் வந்தான், வாப்பா அடித்தார், குருவி செய்த குற்றத்துக்குத் தம்பி அழுகிறான் என்று பன்னிரண்டு வரிகள். நான் ஓரத்தில் எழுதினேன்: ‘கவித்துவம் போதாது. தலைப்புடன் தொடர்பில்லை.’ இருபதுக்கு ஏழு. மற்ற இருவரும் என்னை விடக் கொஞ்சம் தாராளமானவர்கள்; ஆனாலும் அது தேறவில்லை. ‘மலர்கள் சிரித்தன’ என்று தொடங்கிய தாளுக்கு முதலிடம் கொடுத்தோம்.

அடுத்த வருடம் சித்திரையில், அஸருக்குப் பிறகு வளவில் கொப்பு வெட்டிக்கொண்டிருந்தேன். பொழுது விழுந்தது. ஏதோ ஒன்று குறைவதுபோல் இருந்தது. என்னவென்று பிடிபடச் சற்று நேரமாயிற்று. ஐப்பசியிலிருந்து வேலிப் பற்றைக்குள், காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் இரட்டை விசில் அடித்துக்கொண்டிருந்த குருவி போய்விட்டிருந்தது. பச்சை முதுகும் வயிற்றில் சிவப்புமாக, சருகைக் கிளறித் தரையிலேயே திரியும் அந்தக் குட்டைவால் குருவி, வட இந்தியாவிலும் இமயத்து அடிவாரங்களிலும் மழைக்காலத்தில் குஞ்சு பொரிக்கப் போகின்றது. நான் கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு அந்தப் பன்னிரண்டு வரிகளை நினைத்தேன். தலைப்புடன் தொடர்பில்லையாம்! அந்தப் போட்டியில் தலைப்பை விளங்கிக்கொண்ட ஒரே தாள் அதுதான்.

எனக்கு ஏன் அது தெரியவில்லை என்று யோசித்ததில் ஒரு காரணம் கிடைத்தது. அதைச் சாக்காகச் சொல்லவில்லை. வாப்பாமார் பிள்ளைகளை வட்டைக்குக் கூட்டிச்சென்று இது வீரை, இது பாலை, இது செண்பகத்தின் குரல் என்று காட்டிக்கொடுக்கின்ற வயதில் நானும் என் வயதொத்த கவிஞர்களும் 1990களின் ஆரம்பத்தில் இருந்தோம். காட்டோரத்துக் காணிகளுக்குப் போனவர் திரும்புவது நிச்சயமில்லாத காலம். எங்கள் காணி வருடக்கணக்காகப் பற்றை மண்டிக் கிடந்தது. வாடியும் இல்லை, முல்லைக்காரனும் இல்லை. சொற்கள் கைமாறுகின்ற இடம் மூடப்பட்டுவிட்டது. அந்நாட்களில் எமது கவிதை இரத்தத்தையும் இடப்பெயர்வையும் எழுதியது. அதைத்தான் எழுதியிருக்க வேண்டும். பூவை எழுத யாருக்கு மனம் வந்தது? ஆனால் கிழக்கில் 2007இலும் நாடு முழுவதும் 2009இலும் துப்பாக்கிகள் ஓய்ந்தபின், ‘வசந்தம்’ முதலில் வந்தது அரசாங்கத் திட்டமொன்றின் பெயர்ப்பலகையில், ‘வடக்கின் வசந்தம்’ என்று. நாமும் பலகையிலிருந்தே அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டோமோ என்று சில கவிதைகளை வாசிக்கையில் ஐயமாக இருக்கின்றது. வட்டைக்குப் போகும் பாதை திறந்து இத்தனை வருடங்களாகிவிட்டன. நமது கவிதை இன்னும் அந்தப் பாதையில் அதிக தூரம் போகவில்லை.

விலக்குகள் இல்லாமலில்லை. ஓரிரு இளையவர்களின் தொகுதிகளில் சூடடிப்பும் தோணாவும் பேர்சொல்லி வருகின்றன. அவ்விடங்களில் கவிதையின் நடையும் தானாகவே மாறி, சத்தம் குறைந்து, நம்பக்கூடியதாகி விடுவதை வாசகர் கவனிக்கலாம். பெயர்ப்பட்டியல் போட்டால் கவிதையாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. அது தாவரவியல் கொப்பி. அந்தப் பிள்ளையின் வரிகளில் ஒரே ஒரு குருவியின் பெயர்தான் இருந்தது.

பிறகு விசாரித்ததில் அவ எங்கள் பாடசாலையிலேயே, அப்போது எட்டாம் ஆண்டில் இருந்தவ என்று தெரிந்தது. கூப்பிட்டு, அந்தக் கவிதையின் பிரதி இருக்கின்றதா என்று கேட்டேன். இல்லையாம், நேரே தாளில் எழுதியதாம். ஏழு புள்ளி போட்டவன் நான்தான் என்று சொன்னேன். அவ ஒன்றும் பேசவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றா. அடுத்த முறை குருவி வந்தால் சொல்லு புள்ள என்றேன்.

சென்ற ஒக்டோபரில் ஒரு நாள் காலைக் கூட்டம் முடிந்து வகுப்புக்குப் போகும் வழியில் என்னிடம் வந்தா.

“சேர், குருவி வந்திட்டு. ரெண்டு நாளாக் கத்துது.”

“எழுதினயா?”

“இல்ல சேர். தம்பிக்கிட்டச் சொல்லிட்டன்.”