வேம்பு ஈறு நோயைத் தீர்க்குமா? – ஓர் ஆய்வின் மதிப்பீடு

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரச் சிற்றூர்களில் வேப்பங்குச்சியால் பல் துலக்குவோரை இன்றும் காணலாம். ஏரிக்கரைக் கருவேலங்குச்சியும் அங்குப் பழக்கமானதே. ஈறுகளில் இரத்தம் கசிந்தாலும் வேம்பையே நாடுவோர் உண்டு. இந்நம்பிக்கைக்கு அறிவியல் தரும் சான்று எத்தகையது?

அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஆய்வு ஒன்று, மணிப்பாலைச் சேர்ந்த பாய், ஆசார்யா, உடுப்பா ஆகியோர் 2004இல் வெளியிட்டது. ஒரு கிராமில் 25 மில்லிகிராம் வேப்பிலைச் சாறம் கலந்த, ஈறில் ஒட்டிக்கொள்ளும் களிம்பைச் செய்தனர். 36 பேரிடம் ஆறு வாரம் சோதித்து, 0.2 விழுக்காடு குளோர்ஹெக்சிடின் வாய்க்கழுவியுடன் ஒப்பிட்டனர். பற்படலமும் நுண்ணுயிர்களும் வேம்பினால் மிகுதியாகக் குறைந்தன என்பது முடிவு.

பற்படலம் குறைவது சிறு செய்தியன்று. 1965இல் டென்மார்க்கில் ஹெரால்டு லோ நலமான ஈறுடைய 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் செய்தார்; 10 முதல் 21 நாட்களில் அனைவருக்கும் ஈறு அழற்சி கண்டது. மீண்டும் துலக்கியதும் அது மறைந்தது. ஆகவே, மணிப்பால் ஆய்வு சரியான இடத்திலேயே கை வைத்தது.

ஆயினும் மூன்று குறைகள் உள. முதலாவது, ஒட்டும் களிம்பைக் கொப்பளித்துத் துப்பும் நீர்மத்துடன் ஒப்பிட்டது. வென்றது வேம்பா, ஒட்டும் தன்மையா? குளோர்ஹெக்சிடினையும் அதே களிம்பில் கலந்து கொடுத்திருந்தால் விடை கிடைத்திருக்கும். இரண்டாவது, அவர்கள் எண்ணிய ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ், லாக்டோபேசில்லஸ் ஆகியவை பற்சொத்தையுடன் தொடர்புடையவை. முற்றிய ஈறு நோயில் முதன்மையாகப் பேசப்படும் போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்ஜிவாலிஸ் அங்கு எண்ணப்படவில்லை. மூன்றாவது, காலம் போதாது. அமெரிக்கப் பல் மருத்துவக் கழகம் 1986இல் வகுத்த நெறிகள் ஆறு மாதச் சோதனையைக் கோரின. ஓமத்தில் காணப்படும் தைமால் கலந்த வாய்க்கழுவி ஒன்று 1987இல் அத்தேர்வில் தேறியது. அதுவும் பற்படலத்துக்கும் ஈறு அழற்சிக்கும் மட்டுமே. ஆகவே, தாவரப் பொருள் என்பதால் தேர்வில் சலுகை வேண்டியதில்லை.

அந்த ஆய்வின் முடிவுகள் தொடக்க நிலையினவே. அதனை எடுத்துரைப்போர்தாம் 'ஈறு நோய்க்கு மருந்து' என்று நீட்டிவிடுகின்றனர். ஈறு அழற்சி வேறு. பல்லைத் தாங்கும் எலும்பு கரையும் நோய் வேறு. பின்னதில் பல்லுக்கும் ஈறுக்கும் இடையே 4 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் ஆழமான பைகள் உண்டாகி, உள்ளே காரை இறுகிவிடும். எந்தச் சாறும் அக்காரையைக் கரைப்பதில்லை. கருவியால்தான் அகற்ற வேண்டும். கரைந்த எலும்பு தானாக மீள்வதும் இல்லை.

திண்டிவனத்தில் ஒருவர் வேப்பங்குச்சியால் பல் துலக்குவதில் தவறில்லை. மென்மையாகத் தேய்த்தால் குச்சியின் நாரே பற்படலத்தை ஓரளவு அகற்றும். ஆனால் இரு வாரம் ஒழுங்காகத் துலக்கியும் இரத்தக் கசிவு நிற்கவில்லையெனில் பல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். நீரிழிவு உடையோர் அதுவரைகூடக் காத்திருத்தல் ஆகாது.