கல்லாகும் மரம்

பிரஸ்ஸல்ஸில் 1882இல் தொடங்கிய வான் டெர் கெலன் பள்ளியில் மரப்பலகையைப் பளிங்காக்கும் வித்தையைச் சொல்லித்தருகிறார்கள். எண்ணெய்ப் பூச்சு காய்வதற்குள் கை ஓட வேண்டும். இறகு நுனியைச் சாயத்தில் தொட்டு, விரலிடுக்கில் உருட்டியபடி இழுத்தால் ரேகை ஓரிடத்தில் தடித்து, ஓரிடத்தில் இழையாகி, சட்டென்று திசை மாறும். கை சற்று நடுங்கினால் இன்னும் நல்லது! பிறகு பேட்ஜர் என்ற பிராணியின் மயிரால் செய்த தூரிகை. பட்டும் படாமலும் அது வருடியதும் கூரான ரேகை பாதி கரைந்து, கல்லுக்குள் அமிழ்ந்தாற்போல் ஆழம் கொள்ளும். எனக்கு இந்த இடம்தான் பிடிக்கும். ஆசைப்பட்டு ரேகைகளை அள்ளிப் போட்டாலோ பொய் பல்லிளித்துவிடும்.

வார்னிஷ் ஏறிய மேசையைத் தொட்டால் பளிங்கின் குளிர்ச்சி இல்லை. தட்டினால் ‘டொக்’கென்று மரம் காட்டிக்கொடுக்கும். அதனாலென்ன, நகர்த்துவதற்கு நாலு பேரைக் கூப்பிட வேண்டியதில்லை.