'என்க்ளோஸ்': ஒரு மனு, ஒரு வினைச்சொல்

திருமழிசையில் சிலருக்காக ஒரு மனுவை ஆங்கிலத்தில் பெயர்க்க உட்கார்ந்தபோதுதான் இந்த வினைச்சொல் என்னை மறித்தது. மேய்க்கால் புறம்போக்கை ஒருவர் வளைச்சுப் போட்டுட்டார் என்பது மனுவின் முதல் வரி. 'என்க்ளோஸ்' என்று எழுதினேன். கடைசி வரி: நிலத்தின் வரைபட நகலை இணைத்துள்ளோம். அதற்கும் 'என்க்ளோஸ்'தான். ஒரே தாளில் பறித்தவருக்கும் பறிகொடுத்தவர்களுக்கும் ஒரே வினை.

அகராதிகள் 'அடை', 'சூழ்', 'வேலியிடு' என்கின்றன. எல்லாமே வேலிக்கு உள்ளே நிற்பவனின் சொற்கள். வெளியே தள்ளப்பட்டவர் இவற்றில் இல்லை. ஆங்கிலத்திலோ இச்சொல்லுக்கு ஒரு ரத்தச் சரித்திரம் உண்டு. இங்கிலாந்தில் 1604க்கும் 1914க்கும் இடையே 5200க்கும் மேற்பட்ட சட்டங்கள் வழியாகச் சுமார் 68 லட்சம் ஏக்கர் அடைக்கப்பட்டது. திருட்டுத்தனமாக அல்ல, நாடாளுமன்றத்தில் வைத்து. 'மூலதனம்' முதல் தொகுதியில் (1867) மார்க்ஸ் அந்தச் சட்டங்களை மக்களின் உடைமையைப் பறித்த ஆணைகளாகவே வாசித்தார். நாமோ 'வேலியிடல்' என்று மொழிபெயர்த்து, ஏதோ தோட்டவேலை மாதிரி ஆக்கிவிடுகிறோம். 'வளைச்சுப் போடறது' எவ்வளவோ தேவலை. அதில் ஓர் ஆள் இருக்கிறான், அவன் சூழ்ச்சி இருக்கிறது (அதிகாரியையும் வளைச்சுப் போடலாமே). கொச்சை என்று பண்டிதர்கள் ஒதுக்கினால் ஒதுக்கட்டும். ஆனால் இந்தச் சொல்லும் அரசாங்கத்திடம் செல்லுபடியாவதில்லை. 2011இல் துணைநகரம் அறிவிக்கப்பட்ட ஊர் இது. அந்த மாதிரிக் காரியங்களுக்கு 'கையகப்படுத்தல்' என்று தனிச்சொல். தனியார் வளைப்பார், அரசு கையகப்படுத்தும்.

சொல்லைக் கண்டுபிடித்துவிட்ட மிதப்பில், 'எல்லோருக்கும் பொதுவான நிலம்' என்று மனுவில் நானாகச் சேர்த்திருந்ததையும் வாசித்துக் காட்டினேன். காலனியிலிருந்து வந்திருந்த அம்மா கேட்டார்:

"இன்னா தம்பி, பொதுவா? அவன் கம்பி கட்றதுக்கு முன்னாடி மட்டும் எங்க மாட்ட உள்ள உட்டாங்களா?"

ஊர்க்காரர்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும்தான். இங்கிலாந்தின் பொதுநிலத்தைப் பற்றிப் படித்ததை அப்படியே இங்கே இறக்கியவன் நான். ஊர்ப்பொது சேரிக்கும் பொதுவா என்று யாரையும் கேட்டிருக்கவில்லை.

'பொதுவான' என்பதை அடித்தேன். அந்த இடத்தில் என்ன போடுவது என்று பொழுது சாயும்வரை வாக்குவாதம். இருவர் எழுந்தே போய்விட்டார்கள். கடைசியில் அந்த அம்மா சொன்னதையே இரண்டாம் பத்தியாக எழுதினோம். அதில் 'என்க்ளோஸ்' மறுபடியும் வந்தது. இம்முறை எழுவாய் 'ஊர்'.