எண்ணெய் நிறுவன அறிக்கைகளில் தன்மைப் பன்மை: ஷெல்லும் நைஜர் கழிமுகமும்

பன்னாட்டு எண்ணெய் நிறுவனங்கள் ஆண்டுதோறும் வெளியிடும் சமூகப் பொறுப்பு அறிக்கைகளைப் பொருளியலாரும் சட்டவியலாரும் ஆராய்ந்து வருகின்றனர். மொழி பயிற்றுவோரும் அவற்றை வாசித்தல் வேண்டும் என்பது நம் கருத்து. அவ்வறிக்கைகளில் வரிக்கு வரி பயிலும் தன்மைப் பன்மைச் சொல் யாரைக் குறிக்கிறது என்னும் ஒரு வினாவை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

ஆங்கிலத்தின் ‘வீ’ என்னும் சொல் கேட்போரைச் சேர்த்துக்கொள்கிறதா, விலக்குகிறதா என்பதைக் காட்டுவதில்லை. தமிழில் அவ்வாறு நழுவ இயலாது. முன்னிலையாரை உளப்படுத்தினால் ‘நாம்’, விலக்கினால் ‘நாங்கள்’. எனவே இவ்வறிக்கைகளை மொழிபெயர்க்கப் புகுவோர் முதல் வாக்கியத்திலேயே தடுமாற நேரிடும். சுற்றுச்சூழலைக் காப்பதாக உறுதி கூறும் அந்தப் பன்மையில் குழாய்வழியின் ஓரத்தில் வாழ்வோர் உளரா?

ஷெல் நிறுவனத்தையே சான்றாகக் கொள்ளலாம். நைஜர் கழிமுகத்தின் ஒலோய்பிரியில் 1956இல் எண்ணெய் கண்டறியப்பட்டது. ஒகோனி மக்களின் எதிர்ப்பு வலுத்த 1993இல் ஷெல் அவர்தம் நிலத்தில் எண்ணெய் எடுப்பதை நிறுத்தியது. அப்போராட்டத்தை முன்னின்று நடத்திய எழுத்தாளர் கென் சாரோ-விவாவும் அவருடன் எண்மரும் 1995 நவம்பர் 10ஆம் நாள் இராணுவ ஆட்சியால் தூக்கிலிடப்பட்டனர். உலகெங்கும் கண்டனம் எழுந்தது. 1997இல் ஷெல் தன் வணிக நெறிகளில் மனித உரிமைக்கான ஆதரவைச் சேர்த்தது. 1998இல் இலாபமும் நெறியும் முரணாக வேண்டுமா என வினவும் தலைப்புடன் ஓர் அறிக்கை வெளியிட்டது. அன்று தொட்டு இத்தகு அறிக்கைகளில் குழுமம் முழுவதும் ஒரே குரலில் பேசிவருகிறது.

நீதிமன்றத்தில் அக்குரல் பிளவுறுகிறது. ஓகாலே, பில்லே சமூகத்தார் எண்ணெய்க் கசிவு தொடர்பாக இலண்டனில் வழக்குத் தொடுத்தபோது, நைஜீரியாவில் இயங்குவது தனிச் சட்ட ஆளுமையுடைய துணை நிறுவனம் என்றும், அவர்கள்பால் தாய் நிறுவனத்திற்குக் கவனக் கடமை இல்லை என்றும் வாதிடப்பட்டது. இரு நீதிமன்றங்கள் இதனை ஏற்றன. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அம்முடிவை மாற்றி, வழக்கு விசாரணைக்கு உரியதே என்றது. இஃது இறுதித் தீர்ப்பன்று. எனினும் அதற்கு அடிகோலிய 2019ஆம் ஆண்டு வேதாந்தா வழக்கு (தூத்துக்குடித் தாமிர ஆலையால் தமிழர் நன்கறிந்த குழுமம், வழக்கோ சாம்பியச் சுரங்கம் பற்றியது) நம் வினாவுக்கு நேரடித் தொடர்புடையது. துணை நிறுவனங்களைத் தாமே மேற்பார்ப்பதாகத் தாய் நிறுவனம் தன் வெளியீடுகளில் கூறிக்கொண்டதே அங்கு அதற்கு எதிராக நோக்கப்பட்டது. விளம்பரத்திற்காக எழுதப்பட்ட பன்மை சாட்சியமாயிற்று எனலாம்.

நிறுவனத் தரப்பையும் புறந்தள்ளலாகாது. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2011இல் வெளியிட்ட ஒகோனி ஆய்வின்படி, ஓகாலேயில் மக்கள் குடித்த கிணற்று நீரில் உலகச் சுகாதார நிறுவன வரம்பைக் காட்டிலும் 900 மடங்குக்கு மேல் பென்சீன் இருந்தது. அவ்விடத்திற்கு அருகில் சென்றதோ நைஜீரிய அரசு எண்ணெய் நிறுவனத்தின் குழாய்வழி. ஷெல் இயக்கிய கூட்டு முயற்சியிலும் அவ்வரசு நிறுவனத்தின் பங்கு 55 விழுக்காடு, ஷெல்லின் பங்கு 30. எண்ணெய்த் திருட்டாலும் நிலம் கெட்டது. ஆயின் இவ்வளவு நுட்பமான பங்குக் கணக்கு, பழி வரும்போது மட்டும் வெளிப்படுவதேன்? பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் அளித்த நிதியைப் பேசுமிடத்துப் பன்மை விரிகிறது. கசிவைப் பேசுமிடத்து எழுவாயே மறைந்து ‘எண்ணெய் கசிந்தது’ எனத் தன்வினையாய் முடிகிறது. நம் மாணவர் கட்டுரையில் இவ்வாறு எழுவாய் மாறினால் சிவப்பு மையால் வட்டமிடுவோம்.

2025 மார்ச்சில் ஷெல் அத்துணை நிறுவனத்தை ரெனசான்ஸ் என்னும் கூட்டமைப்புக்கு விற்று முடித்தது. ஆழ்கடல் பணிகளைத் தன்னிடம் வைத்துக்கொண்டது. ஓகாலே, பில்லே வழக்கு அப்போது நிலுவையில் இருந்தது. சுமார் எழுபது ஆண்டுகள் தன்மையில் பேசப்பட்ட நிலம் ஒரு விற்பனைப் பத்திரத்தால் படர்க்கையாயிற்று.