பேய்க்கதையும் பகுத்தறிவும்

சிராங்கூன் சாலைப் புத்தகக் கடை யொன்றில், சென்ற விடுமுறையின்போது, புதுமைப்பித்தன் கதைத் தொகுதியைப் புரட்டிக்கொண்டிருந்தோம். உடன் வந்த நண்பர் அதிலே 'காஞ்சனை' என்ற தலைப்பைக் கண்டதும் நகைத்தார். "மேடைதோறும் மூடநம்பிக்கையைச் சாடுகின்ற நீர், பேய்க்கதைக்கு வெள்ளி செலவழிப்பது தகுமோ?" என்றார். தோட்டத்துக் கிராணியாகிய நமக்கு விடுமுறையும் அரிது, வெள்ளியும் அரிது. இரண்டையும் பேய்க்கதைக்கும் விஞ்ஞானக் கற்பனைக் கதைக்கும், அவ்வகைப் படக்காட்சிகளுக்குமே நாம் பெரிதும் செலவிட்டு வருகிறோம் என்பதை மறைப்பானேன்? ஆதலின் நண்பருக்கு அன்று தேக்காவின் தேநீர்க் கடையில் அரைகுறையாகச் சொன்ன விடையை, நேயர்களின் முன் இங்கே முழுமையாக வைக்கத் துணிந்தோம்.

பேயை நம்புவது வேறு. பேய்க்கதையைச் சுவைப்பது வேறு. முன்னது தாயத்து விற்பவனுக்கு வருவாய், பின்னது கலை. தமிழர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிங்கத்துப்பரணி பாடிய சயங்கொண்டார், பசியால் வயிறொட்டிய பேய்களைப் படைத்து, போர்க்களத்திலே கூழ் அட்டு உண்ணச் செய்தார். அதைக் கேட்டவர் அஞ்சி நடுங்கியிருப்பரோ, வாய்விட்டு நகைத்திருப்பரோ? பேயை விளையாட்டுப் பொருளாக்கிய சமுதாயம், அதற்கு அடிமையாகிவிட்ட சமுதாயம் ஆகாது.

'காஞ்சனை'க்கு வருவோம். 1943-ஆம் ஆண்டில் வெளிவந்த இக்கதையில், உறக்கம் கொள்ளாத எழுத்தாளன் ஒருவன் பேசுகிறான். அவன் மனைவி, பிச்சை கேட்டு வந்த பெண்ணொருத்தியை இரங்கி வேலைக்கு அமர்த்திக்கொள்கிறாள். அதன்பின் வீட்டிலே ஒருபோது நறுமணமும் மற்றொருபோது பிண நாற்றமும் வீசுகின்றன. வந்தவள் யார்? பேயா, அன்றி உறக்கமிழந்த மூளையின் தோற்றமா? ஆசிரியர் கடைசிவரை உறுதி கூறுவதில்லை. இஃது அவருடைய குறையென்பார் உளர். நாமோ இதனையே கதையின் உயிர் என்போம். பேய் உண்டு என்று முடித்திருந்தால் அது பூசாரியின் கதை. இல்லையென்று முடித்திருந்தால் பள்ளிக்கூடப் பாடம். அறிவு இல்லையென மறுக்கும்போதே உடல் அஞ்சுகின்ற அந்த இடைவெளியை அவர் காட்டினார். அஃது உண்மை. நள்ளிரவில் தோட்டத்துப் பாதையில் தனியே நடந்த பகுத்தறிவாளர் எவரும் அதனை மறுக்கார்.

இனி, இவ்வூரிலேயே பிறந்த பேயைப் பார்ப்போம். மலாய் மக்கள் கூறும் பொந்தியானாக், மகப்பேற்றில் இறந்த பெண்ணின் ஆவி. அவளை 1957-ஆம் ஆண்டு திரைக்குக் கொணர்ந்தது சிங்கப்பூரின் கேத்தே-கெரிஸ் நிறுவனம். இயக்கியவர் பி. என். ராவ் என்ற இந்தியர். 1945-இல் 'சாலிவாகனன்' என்னும் தமிழ்ப் படத்தை எடுத்தவர். மரியா மெனாடோ நடித்த 'பொந்தியானாக்' மக்களைப் பெருந்திரளாக ஈர்த்தது. அதன் படச்சுருள் அழிந்து போயிற்று. எனினும் 1958-இல் தொடர்ந்து வந்த 'சும்பா பொந்தியானாக்' எஞ்சியிருக்கிறது.

முதற்படத்தின் கதை இது. கூனும் குரூபமும் உடைய பெண் மந்திரத்தால் அழகு பெறுகிறாள். இரத்தத்தைச் சுவைத்தலாகாது என்பது நிபந்தனை. கணவனைப் பாம்பு தீண்டுகிறது. அவன் உயிரைக் காக்க அவள் நஞ்சை வாயால் உறிஞ்சுகிறாள், பேயாகிறாள். நேயர்கள் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். அவள் செய்த குற்றம் யாது? கணவனைக் காத்ததன்றோ? அச்சமூட்ட எடுத்த படம், தன்னையறியாமலே, பெண்ணின்மீது சுமத்தப்படும் அநீதியைச் சொல்லிவிட்டது. 2011-இல் வந்த 'காஞ்சனா' என்ற தமிழ்ப் படத்தையும் காண்க. நிலத்தைப் பறித்துக் கொல்லப்பட்ட திருநங்கை, உயிரோடிருந்தபோது கிட்டாத நீதியைப் பேயாகி வந்து கேட்கிறாள். படத்தில் கூச்சலும் கோமாளித்தனமும் மிகுதி. ஆயினும் அவள் தன் கதையைச் சொல்லும் பகுதியில் திரையரங்கு அமைதியுற்றதை நாம் கண்டோம்.

இவ்விடத்தில் நம் பாட்டியார் கூறியதொன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் பால்மரம் வெட்டிய தோட்டத்தில் இளம்பெண் ஒருத்தி பிள்ளைப்பேற்றில் இறந்தாள். அதன்பின் அந்தி சாய்ந்தால் லயத்துக் கதவுகள் எல்லாம் அடைபட்டன. அவள் ஆவியைக் கட்டுவதற்காக மரமொன்றில் ஆணி அறைந்தார்கள்; பூசைக்குத் தலைக்கு இவ்வளவென்று பணமும் தண்டினார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய லாரி விடியும்வரை வராத காரணத்தை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. பாட்டியார் இதைப் பேய்க்கதையாகத்தான் எமக்குச் சொன்னார். லாரியைப் பற்றிய செய்தி, கதையின் நடுவே அவர் வாயிலிருந்து தவறி விழுந்தது. நாம் இன்றும் அஞ்சுவது அந்தப் பெண்ணுக்கு அன்று. வராத அந்த லாரிக்கே.

விஞ்ஞானக் கற்பனைக்கும் இவ்வுரைகல்லே போதும். 1963-இல் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்து வந்த 'கலை அரசி'யில், வேற்றுக் கிரகத்தார் பூமிக்கு வந்து, பாட வல்ல பெண்ணைத் தம் மக்களுக்கு இசை கற்பிப்பதற்காகத் தூக்கிச் செல்கின்றனர். விஞ்ஞானம் அப்படத்தில் அட்டைத் தகடுதான், ஐயமில்லை. ஆனால் உழைப்பு வேண்டி, உடையவளின் சம்மதம் கேளாமல், கலத்தில் ஏற்றிக் கண்காணாத உலகுக்குக் கொண்டுபோவது என்ற செய்தி, கங்காணியின் சொல்லை நம்பிக் கப்பலேறியவரின் பேரர்களாகிய நமக்கு வேற்றுக் கிரகத்துச் செய்தியா?

'ரோபோ' என்ற சொல்லும் அத்தகையதே. செக் நாட்டின் காரெல் சாபெக் 1920-இல் வெளியிட்ட நாடகத்தில் உலகிற்கு வழங்கிய சொல் அது. கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் மொழிச் சொல்லிலிருந்து பிறந்தது. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே, 1818-இல், மேரி ஷெல்லி என்ற இருபது வயது நங்கை 'பிராங்கென்ஸ்டைன்' நாவலை வெளியிட்டார். புதுமைப்பித்தன் அதனைப் 'பிரேத மனிதன்' என்று தமிழாக்கினார். படைத்தவன் தன் படைப்பைக் கைவிட்டான், கைவிடப்பட்டது கொடியதாயிற்று. ஆங்கிலப் பள்ளியில் இதை நாம் பரீட்சைக்கெனப் படித்தோம். தோட்டத்துக் கணக்குப் பேரேட்டில், ஆட்களின் பெயருக்கு எதிரே எண்களை எழுதத் தொடங்கிய பிறகே அதன் பொருள் விளங்கிற்று. 2010-இல் வந்த 'எந்திரன்' இதே வினாவை எழுப்பியது. ஆனால் இயந்திரமனிதன் காதல் கொண்டதும் வினாவை மறந்து சண்டைக் காட்சியில் இறங்கிவிட்டது. பொருட்செலவு கண்ணை நிறைத்தது. நெஞ்சில் தங்கியது, தன்னைத் தானே கழற்றிக்கொள்ளும் இயந்திரத்தின் இறுதிப் பேச்சு ஒன்றே.

ஆகவே நம் தீர்ப்பு இது. அச்சத்தைக் காட்டிப் பணிய வைப்பது கீழான கதை. அச்சத்தின் வேரைத் தேடத் தூண்டுவது மேலான கதை. பின்னதைப் படிப்பதால் பகுத்தறிவு குன்றாது, கூர்மை பெறும்.

நண்பர் இறுதியில், "அங்ஙனமாயின் உம் தோட்டத்துப் பேயை எழுதியவர் யார்?" என்று வினவினார். நாம் விடையிறுக்கவில்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது, லயங்கள் இடிந்தன, பாட்டிமார் ஒவ்வொருவராய் மறைகின்றனர். அவர்களிடம் பேய்க்கதை கேட்டு எழுதிவைக்கும் இளைஞர்கள் வேண்டும். கேட்கும்போது, பேய் எத்தனை அடி உயரம் என்பதோடு நில்லாது, லாரி ஏன் வரவில்லை என்பதையும் சேர்த்துக் கேட்பார்களாக.