துண்டுகளை மட்டும் நம்பினால் போதுமா?

காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல் போடும் பலரின் ஒவ்வாமைக்குக் காரணம், மெத்தையில் வாழும் தூசி உண்ணியின் கழிவில் உள்ள டெர் பி 1 போன்ற புரதங்கள். ஒவ்வாத பொருளையே சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுத்து உடலைப் பழக்கும் முறையை லியோனார்டு நூன் 1911-இல் புல் மகரந்தத்தைக் கொண்டு தொடங்கிவைத்தார். அது பலன் தரும். ஆனால் ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டும். அரிதாக உயிருக்கே ஆபத்தாகவும் முடியும்.

இந்த ஆபத்தைத் தவிர்க்கப் பிறந்ததுதான், ஒவ்வாமைப் புரதத்தின் சிறு துண்டுகளை மட்டும் செலுத்தும் பெப்டைடு ஊசி. முழுப் புரதம் உள்ளே போனால் ஒவ்வாமை வினையைத் தொடங்கும் மாஸ்ட் செல்களின் மேலிருக்கும் ஐஜிஇ எதிரணுக்களைப் பிணைத்து, ஹிஸ்டமினைக் கொட்டவைத்துவிடும். சில அமினோ அமிலங்களே கொண்ட செயற்கைத் துண்டுக்கு அந்த நீளமும் வடிவமும் இல்லை. நோயெதிர்ப்பை வழிநடத்தும் டி செல்லுக்கோ துண்டு போதும். சிறிய அளவில் காட்டிக்கொண்டே இருந்தால் அது அடங்கிப்போகும், எதிர்வினையைத் தணிக்கும் ஐஎல்-10 சுரக்கும் கட்டுப்படுத்தும் செல்கள் பெருகும் என்பது எதிர்பார்ப்பு. நோயெதிர்ப்பியலில் இவ்வளவு அழகான தர்க்கம் அபூர்வம்.

குறையும் அதே தர்க்கத்துக்குள்தான் இருக்கிறது. ஐஜிஇ-யிடமிருந்து துண்டைத் தப்பவைக்கும் அதே குறுமை, எதிரணுக்களை உருவாக்கும் பி செல்லின் கண்ணிலிருந்தும் அதை மறைத்துவிடுகிறது. முழுப் புரதச் சிகிச்சையில் உருவாகி ஒவ்வாமைப் பொருளை வழிமறிக்கும் ஐஜிஜி4 எதிரணுக்கள் இதில் பெரிதாக எழுவதில்லை. பாதுகாப்பும் முழுமையானதல்ல. 1990-களில் பூனைப் புரதத் துண்டுகளைப் பெற்ற ஆஸ்துமா நோயாளிகள் சிலருக்குச் சில மணி நேரம் கழித்து மூச்சு இறுகியது. ஐஜிஇ-யின் துணையின்றி டி செல்களே அதைச் செய்தன. எந்தத் துண்டு யார் உடலில் ஒட்டும் என்பதையோ துண்டுகளை டி செல்லுக்குக் காட்டும் அவரவர் எச்எல்ஏ மரபணு வகைதான் தீர்மானிக்கிறது.

பிரிட்டனின் சர்காசியா நிறுவனம் இந்த முறையில் பெரும் முதலீடு செய்தது. அதன் பூனை ஒவ்வாமை ஊசி 2016-இலும், தூசி உண்ணி ஊசி 2017-இலும் சோதனையில் தோற்றன. மருந்தில்லாத ஊசி போட்டவர்களும் ஏறக்குறைய அதே அளவு தேறியிருந்தார்கள். மனநம்பிக்கையின் விளைவே உண்மையான பலனை மறைத்துவிட்டது என்ற விளக்கத்தை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. நோயாளியே தன் தும்மலுக்கு மதிப்பெண் போடும் சோதனைகளில் அந்தச் சிக்கல் எப்போதும் உண்டு. ஆனால் முழுச் சாற்றால் செய்த, நாக்கின் அடியில் கரையும் தூசி உண்ணி மாத்திரை அதையும் தாண்டி வேறுபாட்டைக் காட்டி, அதே 2017-இல் அமெரிக்க அனுமதியைப் பெற்றது.

ஆகவே துண்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டி இன்னொரு பெரிய சோதனை நடத்துவது வீண்செலவு. முதலில் நோயாளியின் இரத்தத்தில் உள்ள டி செல்கள் அந்தத் துண்டுகளுக்கு மறுமொழி தருகின்றனவா என்று பார்க்கட்டும்; தருபவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டு, சிறிய அளவில், ஐஜிஜி4-ஐயும் அளந்தபடி தொடங்கட்டும்.