மான்ட்ரெசரை நம்பாதீர்கள்

எட்கர் ஆலன் போவின் 'தி காஸ்க் ஆஃப் அமொன்டில்லாடோ' 1846இல் வெளியானது. இதைப் பதினொன்றாம் வகுப்புக்குக் கொண்டுபோகும் ஆசிரியர்கள் பெரும்பாலும் போவின் சோக வாழ்க்கையில் தொடங்கி, காத்திக் இலக்கியத்தின் இலக்கணத்தைச் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒரே பீரியடில் வாய்விட்டு வாசித்துவிடக்கூடிய கதைதான் இது. (நீங்களே இன்னும் படிக்கவில்லை என்றால், படித்துவிட்டு வந்து இதைத் தொடருங்கள்.)

இத்தாலியில் கார்னிவல் சமயம், அந்தி நேரம். தன்னை அவமதித்த ஃபார்ச்சுனாட்டோவுக்கு அமொன்டில்லாடோ என்ற அரிய மது இருப்பதாகச் சொல்லி ஆசை மூட்டி, முன்னோரின் எலும்புகள் குவிந்த நிலவறைக்குக் கூட்டிப்போகிறான் மான்ட்ரெசர். அங்கே சங்கிலியில் பூட்டி, உயிரோடு வைத்துச் சுவர் எழுப்பிவிடுகிறான். ஐம்பது வருஷம் கழித்து அவனே நிதானமாக இதைச் சொல்கிறான். பயமே அந்த நிதானத்தில்தான்.

அதனால் மாணவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது: அப்படி என்னதான் அவமானம்? புரட்டிப் புரட்டிப் பார்ப்பார்கள். ஆயிரம் தீங்கு என்பான், ஒன்றையும் சொல்லமாட்டான். இதைக் கண்டுபிடித்த பிள்ளைகள் அதற்குப் பிறகு வக்கீல்களைப் போலத்தான் படிப்பார்கள்.

சிரிப்பு வந்தால் அடக்காதீர்கள். விடியும்வரை வரமாட்டேன், யாரும் வீட்டைவிட்டு நகரக் கூடாது என்று வேலைக்காரர்களிடம் சொல்கிறான் மான்ட்ரெசர். தலை மறைந்ததும் எல்லோரும் ஓடிவிடுவார்கள் என்பது அவனுக்குத் தெரியும். சாகப்போகிறவன் போட்டிருப்பது மணி கட்டிய கோமாளிக் குல்லா. வெடியுப்பு பூத்த சுவர்களுக்கு நடுவே இருமிக்கொண்டே, இந்த இருமலால் நான் சாகமாட்டேன் என்கிறான் ஃபார்ச்சுனாட்டோ. மான்ட்ரெசர் அதை ஆமோதிக்கிறான். முதல் வாசிப்பில் உபசார வார்த்தையாகத் தெரியும் அது, இரண்டாம் வாசிப்பில் முதுகைச் சில்லிட வைக்கும்.

சுவர் எழும்பும் பகுதியை மெதுவாக வாசியுங்கள். முதல் வரிசைக் கல் முடியும்போதே உள்ளிருந்து முனகல் கேட்கிறது, ஃபார்ச்சுனாட்டோவுக்குப் போதை தெளிந்துவிட்டது. நாலாவது வரிசை முடிந்ததும் சங்கிலி மூர்க்கமாகக் குலுங்குகிறது. மான்ட்ரெசர் வேலையை நிறுத்திவிட்டு, எலும்புகள் மேல் உட்கார்ந்து, திருப்தியாகக் கேட்கிறான். இந்தக் கதையிலேயே கொடூரமான இடம் அதுதான் என்பேன். ரத்தம் ஒரு துளிகூட இல்லை. பதினோராவது வரிசையில் கடைசிக் கல் மட்டும் பாக்கி இருக்கும்போது மான்ட்ரெசர் கூப்பிட்டதற்குப் பதிலாக வருவது குல்லா மணியின் ஓசை மட்டுமே.

அப்போது நெஞ்சு கனத்தது என்கிறான். உடனே, நிலவறையின் ஈரத்தால்தான் என்றும் சேர்த்துக்கொள்கிறான். நம்பலாமா? இங்கே வகுப்பு இரண்டாகப் பிரியும், பிரியட்டும். இத்தனை காலம் கழித்து யாரிடம் இதைச் சொல்கிறான், பாதிரியாரிடம் பாவமன்னிப்புக் கேட்கிறானா, பீற்றிக்கொள்கிறானா என்பதையும் அவர்களிடமே விடுங்கள். பரீட்சைக்கு வேண்டிய 'பழிவாங்கல்' பதிலை இரண்டு நிமிஷத்தில் எழுதிப்போட்டுவிடலாம்.

அடுத்து போவின் 'தி டெல்-டேல் ஹார்ட்' கொடுக்கலாம். 1843இல் வந்தது, அங்கேயும் கொலைகாரன்தான் பேசுகிறான். ஆனால் அவன் பதறுகிறவன். போலீஸ்காரர்கள் முன்னால் தானாகவே உளறிக் கொட்டிவிடுவான். இருவரில் யார் அதிக ஆபத்தானவன் என்று வீட்டில் எழுதி வரச் சொல்லுங்கள்.